நெல்லிலைப் புள்ளிகளும் கலங்களின் இறப்பும்

மார்கழி, தை மாதங்களில் புளியங்குளப் பகுதியின் காலபோக வயல்களில் அதிகாலைப் பனி நெடுநேரம் இலைகளில் தங்கி நிற்கும். அக்காலத்தே நெல்லிலைகளில் கபில நிறப் புள்ளிகள் தோன்றுவதுண்டு. அவற்றைக் காணும் கமக்காரர் சிலர், பயிருக்குப் பசளை போதவில்லையென எண்ணி மீண்டும் யூரியா வீசுவர். எரிபந்த நோய் பற்றிய வயலில் இச்செயல் விளைச்சலுக்கே கேடாய் முடியும். ஆதலின், புள்ளி எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

கலம் இறக்கும் விதம்

இலையானது எண்ணற்ற நுண்ணிய கலங்களால் ஆயது. ஒவ்வொரு கலத்தின் உட்பொருளையும் மெல்லிய மென்சவ்வு ஒன்று காத்து நிற்கிறது. அது சிதையுமாயின், உட்பொருள்கள் கசிந்து ஒன்றோடொன்று கலந்து, காற்றுப்பட்டுக் கபில நிறமடையும். வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இவ்விதமே. உயிருள்ள பயிரின் ஒரு பகுதியில் கலங்கள் இவ்வாறு மடிதலை இழைய இறப்பு என்பர். மடிந்த கலம் மீண்டும் உயிர் பெறாது. எம்மருந்தும் எப்பசளையும் அப்புள்ளியைப் பச்சையாக்கமாட்டா.

எரிபந்தப் புள்ளி

எரிபந்த நோயை உண்டாக்குவது ஒரு பங்கசு ஆகும். அதன் வித்தி ஈரமான இலையில் ஒட்டி முளைத்து, குமிழ் போன்ற உறுப்பொன்றை அமைக்கும். அதனுள் ஏறும் அழுக்கம் மோட்டார் வண்டிச் சில்லின் காற்றழுக்கத்திலும் 30 மடங்குக்கு மேற்பட்டது. அவ்வலிமையாற் பங்கசு இலையின் தோலைத் துளைத்து உட்புகுகிறது. முதற் சில நாட்கள் உயிருள்ள கலங்களில் மறைந்து வளர்ந்து, பின்னர் அவற்றைக் கொன்று உண்கிறது. அப்போதே இருமுனையும் கூரிய, நடுவிற் சாம்பல் நிறமும் விளிம்பிற் கபில நிறமுமுடைய, கண் போன்ற புள்ளி தோன்றும். அதிலிருந்து புதிய வித்திகள் காற்றிற் பரவும்.

எதிர்ப்புச் சக்தியுள்ள இனத்தில் நிகழ்வது வேறு. தாக்கப்பட்ட கலமும் அயலிலுள்ள சிலவும் விரைந்து தாமே மடிகின்றன. பங்கசு உயிருள்ள உணவின்றி அங்கேயே அடங்குகிறது. ஊசிமுனை அளவான புள்ளி மட்டுமே எஞ்சும். தீப்பற்றிய இடத்தைச் சுற்றியுள்ள வைக்கோலை அகற்றித் தீயை அடக்குவதற்கு இது ஒப்பாகும். பத்தலகொடையில் உருவாக்கப்பட்டு 1958 இல் வெளியிடப்பட்ட எச்-4 இனம் எரிபந்தத்தை எதிர்த்து நின்றமை அதன் சிறப்புகளுள் ஒன்று. எனினும், பங்கசின் புதுப் பிரிவுகள் தோன்றும்போது பழைய எதிர்ப்புத் தளர்வதுமுண்டு.

ஏனைய புள்ளிகள்

நீள்வட்டமான, மஞ்சள் வளையஞ் சூழ்ந்த புள்ளிகள் கபிலப் புள்ளி நோய்க்கு உரியவை. 1942 இல் வங்காளத்து நெல்லைப் பெரிதும் அழித்தது இந்நோயே. பொற்றாசியம் முதலிய போசணை குறைந்த, நீர் வற்றிய நிலத்தில் இது மிகும். ஆதலின், இங்கு சமநிலையான பசளையிடல் பயன் தரும்.

தக்காளிக் காயின் அடிமுனை கறுத்துக் குழிவதற்குப் பெரும்பாலும் கிருமி காரணமன்று. நீர்ப்பாய்ச்சல் ஒழுங்கற்றிருப்பின், கல்சியம் காயின் நுனியை அடையாது அங்குள்ள கலங்கள் மடிகின்றன. இதற்கு மருந்து தெளித்தல் வீண் செலவாகும். ஒழுங்காக நீரிட்டு, பாத்திக்கு மூடுபடை இடுதலே பரிகாரம்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. பசளையோ மருந்தோ வாங்குமுன் புள்ளியின் வடிவை உற்று நோக்குதல் வேண்டும்.

2. கண் வடிவப் புள்ளி காணப்படின், யூரியா மேற்கட்டை நிறுத்தி, வயலில் நீர் வற்றாது காத்தல் வேண்டும். மிகுந்த நைதரசனால் இலை மென்மையுற்று நோய்க்கு இடங்கொடுக்கும்.

3. பங்கசு நாசினி எஞ்சிய பச்சைப் பகுதியைக் காப்பதற்கே உரியது. விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி காலந் தாழ்த்தாது அதனைத் தெளித்தல் வேண்டும். நோய் கதிரின் கழுத்தைப் பற்றின் மணிகள் பதராகும்.

4. நோயுற்ற வயலின் விதைநெல்லைத் தவிர்த்து, அடுத்த போகத்திற்கு எதிர்ப்புச் சக்தியுள்ள இனத்தைத் தெரிதல் வேண்டும்.

மடிந்த கலத்தை மீட்க இயலாது. அதன் அருகே பச்சையாயுள்ள கலத்தைக் காத்தலே கமக்காரர் செய்யக்கூடியது.