அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதுவது. நீ பஹ்ரைனிலிருந்து வந்த கையோடு பைபர் போட் வாங்கப் போவதாகவும், மூன்று பட்டறையில் விலை கேட்டுவிட்டு, இருப்பதிலேயே குறைச்சலாகச் சொன்ன ஆளுக்கு அட்வான்ஸ் கொடுக்க நாள் பார்ப்பதாகவும் தங்கச்சி சொன்னாள். போனில் பேசினால் நீ "சரி மாமா, சரி மாமா" என்று கேட்டுக்கொண்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பட்டறைக்குப் போகும்போது இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போ.

குறைந்த விலைக்குத் தேடுவதை நான் தப்பென்று சொல்லவில்லை. நாலு வருஷம் வெயிலில் நின்று சேர்த்த காசு. ஆனால் ஒரு போட்டின் விலை இரண்டு விதமாகக் குறையும். நீயே தெரிந்து குறைப்பது ஒன்று: நீளம் குறைவு, என்ஜின் சிறிது, பெயின்டில் பகட்டு இல்லை. செய்கிறவன் உனக்குத் தெரியாமல் குறைப்பது இன்னொன்று. முதல் வகையில் நீ எவ்வளவு கஞ்சத்தனம் வேண்டுமானாலும் பண்ணிக்கொள். இரண்டாவது வகையில் மிச்சமாகிற பணம் உன் பைக்கு வராது.

மரத்தில் இந்தத் தொல்லை குறைவு. வள்ளம் கட்டிய காலத்தில் பலகையைப் பார்த்தாலே கணு தெரியும், வெடிப்பு தெரியும், தட்டினால் சத்தம் சொல்லும். பைபரில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மேலே இருக்கிற ஜெல்கோட் மட்டும்தான். அது அரை மில்லிமீட்டர் கனம். அடியில் என்ன இருந்தாலும் மேலே பளபளவென்றுதான் இருக்கும். 2004-ல் சுனாமிக்குப் பிறகு எத்தனையோ பேர் நல்ல மனசோடு போட் வாங்கிக் கொடுத்தார்கள்; அவசரத்தில் ஊருக்கு ஊர் பட்டறை முளைத்தது. அப்படி வந்தவற்றில் நல்லதும் உண்டு, இரண்டு சீசன் தாங்காததும் உண்டு. கரையில் வரிசையாக நிறுத்தியபோது எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன.

ஆகவே போட்டைப் பார்க்காதே, போட் செய்வதைப் பார். மோல்டில் கண்ணாடி நார் மேட்டை ரெசின் ஊற்றி ஒட்டுகிற நாளில் கூடவே நில். வரக்கூடாது என்று சொல்கிற பட்டறைக்காரரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்.

நின்றால் என்ன பார்ப்பது? முதலில் மேட்டை எண்ணு. 450 கிராம் மேட் ஒரு அடுக்கு ஒட்டினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். பக்கவாட்டில் எத்தனை அடுக்கு, அடியில் எத்தனை, அடியில் நடுவே நீளமாக ஓடும் ஏராவில் எத்தனை, முன்முனையான அணியத்தில் எத்தனை என்று விலை பேசும்போதே எழுதி வாங்கிக்கொள். இடையில் ரோவிங் துணி எத்தனை அடுக்கு என்பதையும் எழுதச் சொல். பிறகு நேரில் எண்ணு. நீ போட்டைத் துறைமுகத்தில் கட்டப் போவதில்லை. அலை வாங்கி மணலில் வந்து மோத வேண்டும், அப்புறம் டிராக்டர் கட்டி மேலே இழுக்க வேண்டும். தினமும் தேய்கிற இடம் ஏராவும் அதன் இரு பக்கமும்தான். அங்கே இரண்டு அடுக்கு கூடுதலாகப் போட்டு, மேலே தேய்மானத்துக்கு ஒரு பட்டையும் வைக்கச் சொல். தேய்ந்து நார் வெளியே தெரிந்துவிட்டால் தண்ணீர் அந்த நார் வழியாகவே உள்ளே ஏறும். கூடுதல் காசு கேட்பார்கள். கொடு.

அடுத்தது ரோலர். ரெசின் ஊற்றினால் மட்டும் போதாது. மேட் முழுக்க நனைந்து கண்ணாடி மாதிரி தெளியும் வரை ரோலரால் அழுத்தி உருட்டி, காற்றுக் குமிழியை வெளியே தள்ள வேண்டும். உள்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் அங்கே மேட் நனையவில்லை என்று அர்த்தம். ரெசின் குளம் மாதிரி தேங்கி இருந்தால் அதுவும் ஆகாது. நார் இல்லாத ரெசின் பிஸ்கட் மாதிரி உடையும். மேட் ஒரு கிலோவுக்கு ரெசின் இரண்டு முதல் இரண்டரை கிலோ என்பது கணக்கு. ரெசினிலும் தரம் உண்டு. ஐசோ என்பது தண்ணீருக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும், விலையும் கூட. போட் முழுக்க ஐசோ போட உன் பணம் எட்டாது. ஜெல்கோட்டும் அதை ஒட்டிய முதல் அடுக்கும் ஐசோவாக இருக்கட்டும், மற்றது சாதா ரெசின் போதும் என்று பேசு. இது நீ தெரிந்து குறைக்கிற குறைப்பு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் போட் போடச் சொல்லாதே. ஈரக் காற்றில் ரெசின் சரியாக இறுகாது. தை, மாசியில் ஆர்டர் கொடு. மோல்டிலிருந்து எடுத்ததும் தண்ணீரில் தள்ளாமல் இரண்டு வாரமாவது நிழலில் கிடக்கட்டும். பங்குனிக்குள் போட் கைக்கு வந்துவிட்டால் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நம் பைபர் போட்டுக்கு அந்தத் தடை இல்லை. கரையில் மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற காலம் அது.

உன்னால் எல்லா நாளும் போய் நிற்க முடியாது, தெரியும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். மோல்டிலிருந்து எடுத்த போட்டின் விளிம்பைச் சுற்றிலும் அறுத்துச் சீர் செய்வார்கள். அறுத்த துண்டுகள் தரையில் கிடக்கும், குப்பைக்குத்தான் போகும். உள்ளங்கை அகலத்தில் ஒன்றை எடுத்து, நகைக்கடைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள். பிறகு வெட்டவெளியில், காற்றுக்கு மேல்பக்கமாக நின்றுகொண்டு, தகரத்தில் வைத்துக் கொளுத்து. ரெசின் கரும்புகை விட்டு எரிந்து தீர்ந்துவிடும். கண்ணாடி நார் எரியாது. ஆறியதும் அடுக்கு அடுக்காக நார் கையோடு பிரிந்து வரும். எண்ணிப் பார். ரோவிங் பாய் பின்னினது மாதிரி தனியாகத் தெரியும். நாரை உதறினால் வெள்ளைப் பவுடர் கொட்டுகிறதென்றால், ரெசினில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து கனம் காட்டியிருக்கிறார்கள். உதறிய நாரை மறுபடி எடை போடு. முதல் எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வர வேண்டும். ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது என்றால் நீ மேட்டுக்குக் கொடுத்த காசில் ரெசின் வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். விளிம்பில் அடுக்கு கொஞ்சம் குறையலாம், அது எல்லாப் பட்டறையிலும் உண்டு. ஆனால் கலப்படம் ஒளியாது. இந்தச் சோதனை செய்வேன் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சிரித்துக்கொண்டே சொல்லிவிடு. சொன்னாலே பாதி வேலை ஒழுங்காக நடக்கும்.

இன்னொன்று, போட்டை லாரியில் ஏற்றிக் கொண்டுவரும்போது வழியில் எடைமேடையில் ஏற்று. காலி லாரியின் எடையைக் கழித்தால் போட்டின் எடை. பட்டறைக்காரர் வாங்கிய ரெசின், மேட் கணக்கோடு அது ஒத்துப்போக வேண்டும்.

என்ஜின் மாட்டுகிற இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போட்டின் பின்முனையான அமரத்தில் பைபருக்குள்ளே பலகை வைத்து மூடுவார்கள். அங்கே மெரைன் பிளைவுட் வைக்க வேண்டும். பெட்டி உடைத்த பலகையை வைத்து மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? மூடுவதற்கு முன் பார். போல்ட்டுக்குத் துளை போட்டதும் துளையின் உள்சுவரில் ரெசின் பூசாமல் போல்ட்டை முறுக்கினால், தண்ணீர் அந்த வழியாக இறங்கிப் பலகை உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் என்ஜின் ஆட ஆரம்பிக்கும்.

இப்போது மிதவை. கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இது மனசில் ஏறுவதே இல்லை. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது, பிடித்துக்கொண்டு கிடக்கலாம். பைபர் தண்ணீரை விடக் கனம். அலை உள்ளே ஏறி நிரம்பினால், உள்ளே காற்று அடைத்த இடம் இல்லாவிட்டால், என்ஜினோடு நேரே கீழே போகும். 1979-ல் சென்னையில் அலுவலகம் வைத்து ஆரம்பித்த வங்காள விரிகுடாத் திட்டம் என்ற மீன்வளத் திட்டத்தில் கரையேறும் படகுகளைச் செய்து பார்த்தார்கள். அவற்றில் மிதவை நுரையைப் படகின் உடம்போடு சேர்த்தே வைத்தார்கள். நம் பட்டறைகளில் அணியத்திலும் அமரத்திலும் அறை அடைத்து நுரை வைக்கிறேன் என்பார்கள். என்ன நுரை, எவ்வளவு என்று கேள். தெர்மக்கோலை அப்படியே வைத்து ரெசின் ஊற்றினால் அது கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். பெட்ரோல் பட்டாலும் கரையும். ஊற்றுகிற நுரை நல்லதுதான், ஆனால் அறையில் நீர்க்கசிவு இருந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போட்டையே கனமாக்கும். காசு இல்லையென்றால் மூடி இறுகிய 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களை நெருக்கமாக அடுக்கி அறையை மூடச் சொல். ஒரு கேன் 20 கிலோ தாங்கும். போட் வந்ததும் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில், என்ஜின் எடைக்கு மணல் மூட்டை கட்டி, முழுக்கத் தண்ணீர் நிரப்பிப் பார். ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும்.

நீளம் 32 அடி வேண்டும் என்று நிற்கிறாயாம். எதற்கு? நாலு பேரோடு நண்டு வலையும் நூல் வலையும் கொண்டு போக 28 அடி தாராளம். நீளம் கூடினால் அகலம் கூடும், என்ஜின் பெரிதாக வேண்டும், கரையில் இழுக்கிற டிராக்டர் கூலியும் கூடும். வேகம் வேண்டும் என்கிற ஆசையை விடு. 28 அடி போட்டை மணிக்கு 7 கடல் மைலுக்கு மேல் விரட்டினால் தண்ணீரைத் தள்ளுவதிலேயே எண்ணெய் தீரும். 6-க்குக் குறைத்தால் அதே தூரத்துக்குக் கால்வாசி எண்ணெயாவது மிஞ்சும். போட்டுக்கு ஒரே தடவைதான் காசு, எண்ணெய்க்கு தினமும். 10 குதிரைச் சக்தி என்ஜின் உனக்குப் போதும். எது வாங்கினாலும் உன் துறையிலேயே அதைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா, சாமான் வேதாரண்யத்தில் கிடைக்குமா என்று மட்டும் பார்.

பழைய போட் வாங்கலாமா என்று தங்கச்சி கேட்டாள். வாங்கலாம், நல்லதாக அமைந்தால் அதைவிட லாபம் கிடையாது. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உடைந்து ஒட்டுப் போட்டவை நம் கரையில் இன்னும் சுற்றுகின்றன. புதுப் பெயின்ட் அடித்துக் காட்டினால் சந்தேகப்படு. சுத்தியல் பிடியால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போ. கணீரென்று வருகிற சத்தம் எங்கே பொத்தென்று மாறுகிறதோ அங்கே அடுக்கு விட்டிருக்கிறது. உள்ளே இறங்கிக் குதி. கால் அமுங்கக் கூடாது. நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளம் இருந்தால் ஒன்றைக் குத்திப் பார். காடி நாற்றத்தோடு நீர் வந்தால் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. ஒன்றிரண்டு இருந்தால் சரி செய்யலாம், அடி முழுக்க இருந்தால் வேண்டாம். பழைய போட் என்றால் பதிவு யார் பெயரில் இருக்கிறது, அதன் மேல் கடன் இருக்கிறதா என்பதையும் மீன்வளத்துறை அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடு.

அந்த அலுவலகத்துக்குப் புதுப் போட் என்றாலும் போகத்தான் வேண்டும், அதுவும் வாங்குவதற்கு முன்னால். 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் என்று வைத்திருந்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, தங்கச்சி பெயரில் போட முடியுமா என்று கேள். எழுத்தர் நாளைக்கு வா என்பார், மறுநாளும் போ.

பணம் குறைந்தால் மட்டும் வியாபாரியிடம் கை நீட்டாதே. வட்டி இல்லை என்பார். மீனை அவருக்குத்தான் போட வேண்டும், விலையை அவர்தான் சொல்வார், கமிஷனும் பிடிப்பார். அந்த முன்பணம் போட் இருக்கிற வரை தீராது. அதற்குப் பதில் புது போட்டை விட்டுப் பழையது வாங்கு, அல்லது 28-ஐ 24 ஆக்கு. வலைக்கென்று ஒதுக்கிய பணத்தையும் போட்டில் போடாதே. சீசனுக்கு ஒரு வலை வேண்டும். நெத்திலிக்கு வைத்ததைக் கொண்டு வஞ்சிரம் பிடிக்க முடியாது. வலையில்லாத போட்டுக்கு ஆள் யாரும் பங்குக்கு ஏற மாட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நமக்குத் தொழில் இல்லை, நான் காலை பஸ்ஸில் வருகிறேன். மூன்று பட்டறைக்கும் சேர்ந்தே போகலாம். அதுவரை யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதே. தங்கச்சியிடம் சாப்பாட்டுக்குச் சொல்லி வை. உன் அத்தை கருவாடு கொடுத்து விடுகிறாள்.

அன்புடன்,
மாமா