தொட்டியா, ஷவரா, வாளியா?

கேள்வி: தொட்டிக் குளியல், ஷவர் குளியல் இரண்டில் எதில் தண்ணீர் மிச்சமாகும்? எதில் உடம்பு நன்றாகச் சுத்தமாகும்?

பதில்: குளியல் தொட்டியை ஓரளவு நிரப்பவே ஏறக்குறைய 100 லிட்டர் வேண்டும், பெரிய தொட்டி என்றால் 150-ஐத் தாண்டும். ஷவரின் கணக்கு நேரத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் ஐந்து நிமிடம் நின்றால் 50 லிட்டர். கால் மணி நேரம் நின்றால் தொட்டியே தேவலை! சோப்பு போடும்போது குழாயை மூடுகிறவர்கள் குறைவு. வீணாவது பெரும்பாலும் அங்கேதான். வாளியும் குவளையுமாகக் குளிப்பவருக்கு இரண்டு வாளி, அதாவது 40 லிட்டருக்குள் வேலை முடிந்துவிடும். இந்தியத் தர நிர்ணயக் கணக்கில் நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கான 135 லிட்டரில் குளியலின் பங்கு 55.

சுத்தத்தில் தொட்டி பின்தங்குகிறது. உடம்பிலிருந்து கரைந்த அழுக்கும் சோப்பும் அதே நீரில்தான் மிதக்கும். ஜப்பானியர் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள்: வெளியே உட்கார்ந்து தேய்த்து அலசிய பிறகே தொட்டியில் இறங்குவார்கள். அதனால் குடும்பம் முழுவதும் ஒரே வெந்நீரைப் பயன்படுத்த முடிகிறது. ஷவரிலும் குவளையிலும் அழுக்கு நீர் உடனே வழிந்தோடிவிடும். ஆனால் ஷவர் தலையில் உப்பும் பாசியும் படியும். அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும்.

வீட்டு ஷவரின் அளவை அறிய, அதன் கீழ் ஒரு நிமிடம் வாளியை வைத்துப் பாருங்கள்.