அகன்ற வில்லையை ஆராயும் முறை

கோவிற்பட்டிக்கு அணித்தாகிய கழுகுமலையில், பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்தமைத்த வெட்டுவான் கோயிலை முழுமையாகப் படம் பிடிப்பதற்குப் பின்வாங்க இடம் குறைவு. ஆண்டு உதவுவது 24 மில்லிமீட்டர் லென்ஸ் என்னும் வில்லை. 36க்கு 24 மில்லிமீட்டர் சட்டத்தில் அது மூலைக்கு மூலை 84 பாகை காட்டும். அதன் துளை எஃப் 1.4 ஆயின், எஃப் 2.8 துளையினும் நான்கு மடங்கு ஒளி புகும். எஸ்.எல்.ஆர். காமிராவில் வில்லைக்குப் பின் ஆடி அசைய இடம் வேண்டுதலின், இத்தகைய வில்லையின் அமைப்புச் சிக்கலாகி விலை ஏறும். ஆதலின் கடன்பட்டும் வாங்கத் துணியும் மாணவர் முன்னர்ச் சோதித்தல் நலம்.

முதலாவது, கரிசற்காட்டின் நேரிய தொடுவானம் சட்டத்தின் மேல்விளிம்பருகே விழப் பிடிக்க. கோடு வளையின், வில்லை உருவைத் திரிக்கின்றது. இரண்டாவது, நிலவில்லா இரவில் காமிராவை முக்காலியில் நிறுத்தி, நடுவிலுள்ள விண்மீனுக்குக் கூர்மை அமைத்து, துளையை முற்றுந் திறந்து பத்து விநாடி பிடிக்க. மூலை மீன்கள் புள்ளியாகாது சிறகு விரிப்பின், துளையை எஃப் 2.8 ஆகச் சுருக்கி மீண்டும் பிடிக்க. அப்பொழுதே குற்றம் நீங்குமாயின், வானத்தைப் பிடிக்க விழைவார் மிகை ஒளிக்கு ஈந்த பொருள் வீணே.

மூன்றாவது, காமிராவை அண்ணாந்து பிடிப்பின் கோயில் பின்சாய்ந்து தோன்றும். அது வில்லையின் குற்றமன்று, பிடித்தார் குற்றமே. கருவியைப் பழிக்குமுன் கையை நோக்குக.