சிப்பிக்கல் தேடப் போகும் தங்கச்சிக்கு

லீவு விட்டதும் ஃபாசில் தேடப் போறேன்னு பையைத் தூக்கிட்டுப் பாபநாசம் பக்கம் கிளம்பிராத. தாமிரபரணி உருட்டிட்டு வர்ற கூழாங்கல்லெல்லாம் பெரும்பாலும் பொதிகை மலையோட சார்னோகைட்டும் நைஸ் பாறையும்தான். பூமிக்கு அடியில கடுஞ்சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறின கல்லு அது. அதுல எந்த உயிரோட தடமும் நிக்காது. வரிவரியாத் தெரியுதேன்னு கல்மரம்னு நினைக்காத. கனிமங்க தனித்தனியா ஒதுங்கினதால வந்த வரி.

நீ போக வேண்டியது கடலோரம். நெல்லையிலிருந்து ரயில்ல திருச்செந்தூர் போ, அங்கேருந்து பஸ்ல மணப்பாடு. 1581-ல கட்டின திருச்சிலுவைக் கோயில் நிக்கிற அந்த மேடே, மணலும் சிப்பித்தூளும் சுண்ணாம்பால இறுகின பாறைதான். திருச்செந்தூர்ல வள்ளி குகை இருக்கிறதும் மணற்பாறைதான். சுமார் 1,25,000 வருஷத்துக்கு முன்னால உலகம் முழுக்கக் கடல் இப்ப இருக்கிறதைவிட ஆறு மீட்டர் அளவுக்கு ஏறி நின்னிருக்கு. அப்படி ஏறி இறங்குன கடல் விட்டுட்டுப் போன மண்ணையும் சிப்பியையும்தான் நம்ம கரையில தேடணும். டைனோசர் காலத்துச் சாமான் எதுவும் இங்க கிடைக்காது, அந்த ஆசையோட போகாத.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போ. திருச்செந்தூர்ல அந்த நாட்கள்ல கடல் உள்வாங்கிப் பாசி பிடிச்ச பாறைங்க வெளிய தெரியும். ஆனா அதே நாட்கள்ல கோயில் கூட்டமும் இருக்கும், அதனால விடியும்போதே போயிரு. ரப்பர் செருப்பு பாசியில வழுக்கும். பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கோ. கடலுக்கு முதுகு காட்டிக் குனியாத. அலை எப்படியிருக்குன்னு கரையில வலை பின்னிட்டு இருக்கிற அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்கு.

பழசு எது, நேத்து ஒதுங்கினது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? புதுச் சிப்பியில நிறமும் மினுமினுப்பும் இருக்கும். பழசு வெளிறி, சுண்ணாம்புக் கட்டி மாதிரி மங்கிப்போயிருக்கும். உள்கூட்டுல மணல் இறுகி அடைச்சிருக்கும், கையில எடுத்தா அளவுக்கு மீறின கனம் தெரியும். சில இடத்துல சிப்பி கரைஞ்சே போயி, அதோட அச்சு மட்டும் பாறையில பதிஞ்சிருக்கும். இதைத்தான் நிறையப் பேரு கவனிக்காமத் தாண்டிப் போறாங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. வெயில் சாய்வா விழுற காலையில பார்த்தா அச்சு நல்லாத் தெரியும். உதிர்ந்து கிடக்கிற துண்டை நுணுக்கி எலுமிச்சம்பழச் சாறு விட்டா நுரை வரும். சுண்ணாம்புக் கல்லுன்னு உறுதி. ஆத்துக் கூழாங்கல்லு பேசாம இருக்கும்.

சுத்தியலும் உளியும் கொண்டுபோகவே கூடாது. பாறையில இருக்கிறதைப் படம் எடு. பக்கத்துல பத்து ரூபாய் நாணயத்தை வை, அது 27 மில்லிமீட்டர், அளவு புரிஞ்சிரும். கழன்று கிடக்கிறதுல ஒண்ணு ரெண்டு எடுத்தாப் போதும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில ரெண்டு மூணு நாள் போட்டு, தண்ணியை மாத்திக்கிட்டே இரு. உப்பு இறங்கலேன்னா காயும்போது பொருக்குவிட்டு உதிரும். நிழல்ல உலர்த்தி, பழைய டூத் பிரஷ்ஷால மெல்லத் தேய். எந்த ஊரு, கரையிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், என்ன தேதின்னு அன்னைக்கே சீட்டு எழுதி வை. கடல் எதுவரைக்கும் வந்திருந்துச்சுன்னு சொல்ல அந்த விவரம்தான் வேணும்.

பவளம் கிடைச்சாத் தொடாம வந்திரு, செத்த பவளமா இருந்தாலும் சரி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பவளத்துக்கு உச்சப் பாதுகாப்பு இருக்கு.

கொற்கைக்குப் போனா இன்னும் கவனமா இரு. பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம், ஆறு கொண்டுவந்த வண்டல்ல தூர்ந்து, இன்னைக்குக் கடலைவிட்டு ஆறேழு கிலோமீட்டர் உள்ள தள்ளி வயக்காட்டு நடுவுல கிடக்கு. அங்க சங்குத் துண்டு கண்ணுல பட்டா ஓரத்தைப் பாரு. அறுத்த தடம் இருந்தா, அது மனுஷன் கை வச்ச வளையல் வேலை. ஃபாசில் இல்ல, தொல்பொருள். அதைக் கிடந்த இடத்துலேயே விட்டுட்டு, கிராம நிர்வாக அலுவலர்கிட்டயோ தொல்லியல் துறையிலயோ சொல்லு.

டைனோசர் காலத்துச் சுருள் சிப்பியான அம்மோனைட்டைப் பார்த்தே ஆகணும்னா அரியலூர் பக்கம் போகணும். வாரணவாசியில அதுக்குன்னே அருங்காட்சியகம் இருக்கு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ல 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கு.