தோட்ட வடிவமைப்பு படிக்க எங்கே சேர்வது?

மாசியில் புதுச்சேரி இரண்டாம் முறை பச்சையாகிறது. புங்கமரங்கள் பழைய இலையைக் கொட்டிவிட்டு எண்ணெய் தடவியது போல் மின்னும் தளிரோடு நிற்கின்றன. நாட்டு வாதாம் செக்கச்சிவந்து உதிர்கிறது. கல்யாண முருங்கை இலையில்லாத கிளையில் பூக்கிறது. மாசி மகத் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் வந்த சாமிகள் ஊர் திரும்புவதற்குள் என் வீட்டுக் கொல்லையில் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கும். இதே நாட்களில்தான் பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோரும் கேட்கத் தொடங்குகிறார்கள்: "லேண்ட்ஸ்கேப் டிசைன்னு சொல்றான் சார், எதுல சேர்க்கலாம்?"

இந்தக் கேள்வி பெரும்பாலும் தவறான பிள்ளைக்காகவே கேட்கப்படுகிறது என்பதுதான் என் கவலை. செடி என்றால் உயிரை விடும் பையனை, "தோட்டக்காரனாவா ஆகப்போறே?" என்று கேட்டுக் கேட்டே கம்ப்யூட்டர் சயன்ஸில் தள்ளிவிடுகிறார்கள். வீட்டுத் துளசிக்கு ஒரு நாளும் தண்ணீர் ஊற்றாத பெண், ரீல்ஸில் செங்குத்துத் தோட்டங்களைப் பார்த்துவிட்டுப் பெரிய தொகை கட்டிச் சேர்கிறாள். இரண்டு பேருமே நல்ல பிள்ளைகள். இரண்டு பேருடைய வயதும் வீணாகிறது.

வழிகள் எவை என்பது பலருக்கும் தெரிந்ததே. பி.எஸ்சி. தோட்டக்கலை நான்கு ஆண்டு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் கோவையிலும் பெரியகுளத்திலும் கல்லூரிகள் உண்டு, பெண்களுக்குத் திருச்சியிலும் உண்டு. நம் பிள்ளைகளுக்குக் காரைக்கால் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது, புதுச்சேரியின் சென்டாக் சேர்க்கைக் குழு வழியாகச் சேர்க்கை. கட்டடக்கலை வழியாகப் போவதென்றால் பிளஸ் டூவில் கணிதம், நாட்டா என்னும் நுழைவுத் தேர்வு, ஐந்தாண்டு பி.ஆர்க்., அதன்பின் நிலவடிவமைப்பில் இரண்டாண்டு முதுநிலை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அது உண்டு. டெல்லி திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளியில் 1972 முதல் நடக்கிறது. பெங்களூரு லால்பாக்கில் கர்நாடகத் தோட்டக்கலைத் துறை தரும் பத்து மாதப் பயிற்சி ஒன்று. நல்ல நர்சரியில் வேலைக்குச் சேர்வது ஒன்று.

செடியின் மேல்தான் ஆசை என்றால் தோட்டக்கலை. மேடு பள்ளம், நிழல் விழும் திசை, சுவருக்கும் மரத்துக்கும் இடையே உள்ள வெற்றிடம் இவையெல்லாம் கண்ணில் படுகின்றன என்றால் கட்டடக்கலை. முதல் படிப்பு வரையக் கற்றுத்தருவது குறைவு. இரண்டாவதில் செடி குறைவு. குறைவதை அவரவர்தான் ஈடுசெய்துகொள்ள வேண்டும். இதற்கு மேல் இவற்றைப் பற்றி நான் விரிக்கப் போவதில்லை.

நான் எச்சரிக்க விரும்புவது, இப்போது எல்லோரும் ஓடுகிற இன்னொரு வழியைப் பற்றி. ஆறு மாதம், ஏசி அறை, ஒரு கம்ப்யூட்டர், முடிவில் 'லேண்ட்ஸ்கேப் டிசைனர்' என்ற சான்றிதழ். பெற்றோருக்கு இது பிடித்துப்போகக் காரணம் எளிது: பிள்ளையின் கையில் மண் ஒட்டாது, சொந்தக்காரர்களிடம் சொல்லவும் பெயர் நன்றாக இருக்கிறது. இந்தச் சான்றிதழோடு என்னிடம் வேலை கேட்டு வந்தவர்கள் காட்டிய படங்கள் உண்மையிலேயே அழகானவை. முப்பரிமாணத்தில் மரம் அசையும், தண்ணீர் மின்னும். ஆனால் அந்தத் தோட்டத்தில் மே மாதம் இல்லை. உப்புத் தண்ணீர் இல்லை. புயல் இல்லை.

மூன்றும் இல்லாமல் புதுச்சேரியில் தோட்டம் கிடையாது. கடலோரத் தெருக்கள் பலவற்றில் போர் தண்ணீர் கரிக்கிறது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால் இலையின் நுனியும் ஓரமும் முதலில் கருகும், பிறகு செடி. படத்தில் சுவர் முதல் சுவர் வரை மெக்சிகன் புல் விரித்துவிடலாம். நிஜத்தில் அது தினமும் நல்ல தண்ணீர் கேட்கும், வேப்பமர நிழலில் திட்டுத் திட்டாகக் காணாமல் போகும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இந்த ஊரில் எத்தனை மரங்களைப் படுக்க வைத்தது என்று கண்ணால் பார்த்தவர்கள், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி எதை நடுவது, எதை நடக் கூடாது என்று இரண்டு முறை யோசிப்பார்கள். கடற்காற்றை எதிர்த்து நிற்கப் புன்னையும் பூவரசும் இருக்கின்றன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. முற்றத்தின் சரிவை எந்தப் பக்கம் வைப்பது என்பது அந்த இரவில் அழகு சார்ந்த கேள்வியாக இல்லை.

காகிதப்பூவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களில் அது வழிவதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் இந்தத் தொழிலுக்கே ஆசைப்படுகிறார்கள். ஆறு மாதம் படித்தவர் அதற்கும் மற்றச் செடிகளோடு சேர்த்துச் சொட்டுநீர்க் குழாய் வரைந்துவிடுகிறார். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் காகிதப்பூ இலையாகத் தழைக்கும், பூக்காது. மண் காய்ந்து, வெயில் ஏறி, செடி கொஞ்சம் வாடினால்தான் நிறம் வரும். மல்லி விஷயமும் அப்படித்தான். வரைபடத்தில் எல்லாமே ஒரே பச்சை வட்டம். தோட்டத்திலோ குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசியில் கவாத்து, பிச்சிக்கு டிசம்பரில், முல்லைக்கு ஜனவரி கடைசியில். தேதி தவறினால் பூ தவறும். இவற்றைச் சொல்லித்தர ஆறு மாதம் போதாது, ஏனென்றால் செடிக்கே ஓர் ஆண்டு வேண்டும். மென்பொருள் தேவைதான்; அது எவரும் பிறகு கற்றுக்கொள்ளக்கூடிய கருவி. அதையே படிப்பு என்று விற்பதுதான் தவறு.

நான் ஆள் எடுக்கும்போது நர்சரியில் இரண்டு வருஷம் இருந்தவரையே முதலில் கூப்பிடுகிறேன். பை மாற்றும்போது வேர் சுருண்டிருப்பதைக் கண்டவர், நட்ட இடத்தில் செடி ஏன் முழிக்கிறது என்று தானாகக் கண்டுபிடிக்கிறார். இதற்குப் பெரிய முன்னோடி இருக்கிறார். பெங்களூரின் சாலைகளில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மரங்களை வரிசைப்படுத்திய கிரும்பீகல் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர். லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, 1893-ல் பரோடாவுக்கும் 1908-ல் லால்பாக்குக்கும் வந்தார். அவரிடம் இருந்தது கைப்பழக்கமும் பொறுமையும்.

இன்னொருவர் இலங்கையின் ஜெஃப்ரி பாவா. வழக்கறிஞராக இருந்தவர், 1948-ல் பெந்தோட்டை அருகே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதை நினைத்தபடி மாற்றத் தனக்கு அறிவு போதவில்லை என்று கண்டபின்தான் கட்டடக்கலை படிக்கப் போனார். 1957-ல் தகுதி பெறும்போது வயது 38. ஏரி தெரிவதற்காகக் குன்றின் தலையையே தணித்த அந்த லுனுகங்கா தோட்டத்தை அவர் சுமார் ஐம்பதாண்டுகள் மாற்றிக்கொண்டே இருந்தார். வீட்டுத் தோட்டம் முதலில், படிப்பு பிறகு. இந்த வரிசையை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

என் கொல்லையில் இந்த மாசிக்கு நடக்கும் வேலையைச் சொல்கிறேன். வேம்பின் அடியில் இருந்த புல்லை முழுக்க எடுத்துவிட்டேன். அங்கே வெட்சியும் காயாவும் வரப்போகின்றன. இரண்டும் நம் கடற்கரைக் காட்டுச் செடிகள், பழகிவிட்டால் கோடைக்கு அஞ்சாதவை. ஆனால் இப்போது நடவில்லை. ஆசை பிடித்து இழுக்கிறது, நர்சரிகளில் எல்லாம் பூத்துக் கிடக்கின்றன, என்றாலும் இந்த ஊரில் நிலத்தில் நட ஏற்ற காலம் ஆடிக்குப் பின்தான். சுண்ணாம்புப் பொடியால் இடம் குறித்து, உதிர்ந்த புங்க இலையை மூடாக்காகப் போட்டு, புரட்டாசிக்குக் காத்திருக்கிறேன். பாதையின் ஓரத்தைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கிறேன், ஐப்பசித் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போவதற்காக. தொட்டிச் செடிகளை மட்டும் மேற்கு வெயிலிலிருந்து நகர்த்தினேன். பார்க்க வருபவர்களுக்கு வெறும் தரைதான் தெரிகிறது. எனக்கு அதில் காயாவின் நீலப் பூ தெரிகிறது.

இப்படி வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு ஏழு மாதம் இருக்க முடிகிற பிள்ளைக்கு இந்தத் தொழில் பொருந்தும். மதிப்பெண் இதைக் காட்டாது. வரையும் திறமையும் காட்டாது. பெற்றோர் தயவுசெய்து பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். 1826-ல் தொடங்கிய நம் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள்; தாவரவியலாளர் பெரோத்தே பார்த்துப் பார்த்து வளர்த்த இடம். அங்கே பிள்ளை மரத்தை அண்ணாந்து பார்க்கிறதா, செல்ஃபியோடு திரும்பிவிடுகிறதா? புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போங்கள். இந்தக் கடற்கரையில் மனிதன் வடிவமைக்காத தோட்டம் எப்படி இருந்தது என்பதற்கு எஞ்சியிருக்கும் சாட்சி அது. ஆரோவில் தாவரவியல் பூங்காவில் 2000-க்குப் பிறகு வெற்று நிலத்தில் எழுந்த மரங்களைக் காட்டுங்கள். பிள்ளை தானாகக் கேள்வி கேட்டால் நல்ல அடையாளம்.

பிறகு ஒரு சோதனை. தேர்வு முடிந்ததும் நர்சரியிலிருந்து ஐந்து தொட்டிச் செடிகளை வாங்கிக் கொடுங்கள்: ஒரு குண்டுமல்லி, ஒரு காகிதப்பூ, ஒரு நந்தியாவட்டை, ஒரு கறிவேப்பிலை, அவர்களே விரும்பும் ஒன்று. மொட்டை மாடியோ வாசலோ, இடத்தையும் அவர்களே முடிவு செய்யட்டும். வீட்டில் யாரும் உதவிக்குப் போக வேண்டாம், நினைவூட்டவும் வேண்டாம். பங்குனி, சித்திரை, கத்திரி வெயில் எல்லாம் கடந்து வைகாசியில் விண்ணப்பம் போடும் நேரம் வரும். அப்போது எத்தனை செடி பிழைத்தது என்று எண்ணாதீர்கள். செத்துப்போன செடி ஏன் செத்தது என்று கேளுங்கள். வேரைப் பிடுங்கிப் பார்த்தேன், தொட்டியில் தண்ணீர் தங்கியிருந்தது, இடம் தப்பு என்று பதில் வந்தால் கோவையோ பெரியகுளமோ காரைக்காலோ, கட்டடக்கலையோ, எதில் வேண்டுமானாலும் தயங்காமல் பணம் கட்டுங்கள். "தெரியல, மறந்துட்டேன்" என்றால் அந்தப் பிள்ளைக்கு வேறு ஏதோ ஒன்று காத்திருக்கிறது. அதைத் தேட இன்னும் நேரம் இருக்கிறது.