உவமையும் உருவகமும் – மாணவருக்கு ஒரு வேதபாடம்



பரீட்சைக்கு அணி இலக்கணத்தை மனப்பாடம் பண்ணுகிறோம். மார்க் வாங்கியதும் மறந்துவிடுகிறோம். ஆனால் வேதத்தைத் திறந்து பாருங்க, பக்கத்துக்குப் பக்கம் அதே உவமை, அதே உருவகம்! அது தெரியாமல் வாசிக்கிறவன் சத்தியத்தையே மாற்றிப் பிடித்துக்கொள்வான்.

1. உவமை

"தாம்பரம் ஸ்டேஷன்ல காலையில ஜனங்க எறும்பு மாதிரி போறாங்க" என்கிறோம். ஜனங்கள் – பொருள். எறும்பு – உவமை. 'மாதிரி' – உவம உருபு. சாரை சாரையாய்ப் போவது – பொதுத்தன்மை. எறும்புக்கு ஆறு கால் உண்டு, அதையா சொன்னோம்? இல்லையே! பொதுத்தன்மை எதுவோ அதோடு உவமை நின்றுவிடும்.

தொல்காப்பியத்தின் உவமவியல் இதை நான்காகப் பிரிக்கிறது: வினை, பயன், மெய், உரு. எறும்பு போல் போவது வினை. மழை போல் கொடுப்பது பயன். வில் போன்ற புருவம் மெய், அதாவது வடிவு. பால் போன்ற வேட்டி உரு, அதாவது நிறம். எந்த உவமையைக் கண்டாலும் 'இந்த நாலில் எது?' என்று முதலில் கேளுங்கள்.

2. உருவகம்

'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம், இது உவமைத்தொகை. 'முகமலர்' என்று திருப்பிப் போட்டால் முகமே மலர், இது உருவகம். இங்கே இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

எங்கள் சேலையூர் வாலிபர் கூட்டத்தில் பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவன் கேட்டான்: "பாஸ்டர், யோவான் 10-ல இயேசு தம்மை வாசல்னு சொல்றார், 15-ல திராட்சச்செடின்னு சொல்றார். ரெண்டுல எது?" இரண்டும்தான், தம்பி! வாசல், உள்ளே பிரவேசிக்கும் வழியைக் காட்டுகிறது. செடி, கொடிகள் அதில் நிலைத்திருந்து கனி கொடுப்பதைக் காட்டுகிறது. பயன் வேறு வேறு, ஆள் ஒருவரே.

3. தப்பாய்ப் புரிந்துகொண்டால்?

யோவான் 2-ல் இயேசு ஆலயம் என்று தம் சரீரத்தைச் சொன்னார். யூதரோ 46 வருஷம் கட்டிய கட்டடத்தை நினைத்தார்கள். அதோடு முடிந்ததா? மாற்கு 14-ல், விசாரணை நாளில், பொய்ச்சாட்சிகள் அந்த வார்த்தையையே திரித்து அவருக்கு விரோதமாக நிறுத்தினார்கள். ஒரு உருவகம் குற்றச்சாட்டாகிவிட்டது! நிக்கொதேமுவும் மறுபிறப்பைத் தாயின் கர்ப்பத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் உட்கார்ந்து கேட்டார், விளக்கம் பெற்றார். புரியாவிட்டால் கேளுங்கள், திரிக்காதீர்கள்.

4. நம் தமிழில்

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பிரயாண நூலைத் தழுவி, 1894-ல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தந்தார். ஐந்து பருவங்கள், முழுதும் ஒரே நீண்ட உருவகம். வாழ்க்கை யாத்திரை, பாவம் முதுகுச் சுமை. மூட்டையை மட்டும் பார்த்தால் அது கதை. தானாக இறக்க முடியாத பாரம் என்று கண்டால் அது உபதேசம்.

வீட்டுப்பாடம்

சங்கீதம் 1-ல் மரமும் பதரும் வருகின்றன. 23-ல் மேய்ப்பர் வருகிறார். எது உவமை, எது உருவகம்? வினையா, பயனா? நோட்டில் எழுதி வாருங்கள்.

கர்த்தர் உங்கள் படிப்பையும் வேத தியானத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்!