வளைகுடா வேலை: ஊதியமும் மிச்சமும்

அயல்நாட்டில் வாழும் இந்தியர் தாயகத்திற்கு அனுப்பும் பணம் நமது பொருளாதாரத்தின் வலுவான தூண்களுள் ஒன்றாகும். 2022ஆம் ஆண்டில் இத்தொகை 10,000 கோடி டாலரைக் கடந்தது. உலகில் வேறெந்த நாடும் அதுவரை இந்த அளவை எட்டியதில்லை. இப்பணத்தில் கணிசமான பகுதி வளைகுடா நாடுகளில் உழைப்போரிடமிருந்து வருகிறது. ஆனால் நாட்டுக்கு வரும் தொகையைக் கொண்டு மட்டும் தனி ஒரு குடும்பத்தின் நன்மையை அளந்துவிட இயலாது. புறப்படுமுன் எவ்வளவு செலவாகிறது, சென்ற இடத்தில் வாழ எவ்வளவு தேவைப்படுகிறது, இவை போக எவ்வளவு எஞ்சுகிறது என்பவையே அக்குடும்பத்தின் நிலையைத் தீர்மானிக்கின்றன. கத்தார் நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராயலாம்.

புறப்படுமுன் ஆகும் செலவு

இந்தியத் தொழிலாளர் வெளிநாடு செல்வதை 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் முறைப்படுத்துகிறது. இச்சட்டம் 1922ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக வந்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள், கத்தார் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெறுதல் பொதுவிதியாகும். பதிவு பெற்ற முகவர்களே ஆள் சேர்க்கலாம். அவர்கள் பெறத்தக்க சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியையும் சேர்த்தால் அது 35,400 ரூபாயாகும்.

பாஸ்போர்ட்டு, மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ்களுக்கு ஒப்புதல் பெறுதல் ஆகியவற்றின் செலவுகள் தனி. அனுமதி பெற்றுச் செல்வோருக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு, விபத்தினால் நேரும் மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் 10 லட்சம் ரூபாய் வரை ஈட்டுறுதி அளிக்கிறது. இரண்டாண்டுகளுக்கு அதன் பிரீமியம் வரி நீங்கலாக 275 ரூபாயே. ஆகவே, முறையான வழியில் செல்வதற்கான செலவு ஓர் எல்லைக்குள் அடங்குகிறது. அனுமதியில்லாத இடைத்தரகர் நுழையும்போதுதான் அந்த எல்லை உடைகிறது.

ஊதியத்தின் உறுப்புகள்

ஒப்பந்தத்தில் காணப்படும் தொகை ஒரே எண்ணாக இருப்பினும் அதனுள் அடிப்படை ஊதியம், உணவுப்படி, உறைவிடப்படி எனப் பல உறுப்புகள் உள்ளன. கத்தாரில் 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடைமுறைக்கு வந்த சட்டம், மாத அடிப்படை ஊதியம் 1,000 ரியாலுக்குக் குறையலாகாது என விதித்தது. உணவும் உறைவிடமும் அளிக்காத முதலாளி, உணவுக்கு 300 ரியாலும் உறைவிடத்திற்கு 500 ரியாலும் சேர்த்து வழங்க வேண்டும்.

எனவே, '1,800 ரியால் சம்பளம்' என்று ஒருவருக்கும் '1,000 ரியால் சம்பளம்' என்று மற்றொருவருக்கும் கூறப்பட்டால் முன்னவரே மேலானவர் என்று முடிவு செய்தல் பிழையாகும். முன்னவர் வாடகையும் உணவும் தாமே தேடிக்கொள்ள வேண்டியவராயின் இருவர் நிலையும் ஏறத்தாழ ஒன்றே. மேலும், பணி முடிவில் ஆண்டுக்குக் குறைந்தது மூன்று வார ஊதியம் என்ற அளவில் வழங்கப்படும் பணிக்கொடை, அடிப்படை ஊதியத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. படிகளை உயர்த்தி அடிப்படையைக் குறைத்துக் காட்டும் ஒப்பந்தத்தில் இக்கொடையும் குறைந்துவிடும்.

ஒரு கணக்கு

உணவும் உறைவிடமும் முதலாளி வழங்க, 1,000 ரியால் ஊதியம் பெறும் தொழிலாளி ஒருவரைக் கருதுவோம். கணக்கின் எளிமைக்காக ஒரு ரியால் 23 ரூபாய் எனக் கொள்வோம். தொலைபேசி, சோப்பு முதலிய அன்றாடப் பொருள்கள், விடுமுறை நாள் பயணம் ஆகியவற்றிற்கு 250 ரியால் போக 750 ரியால் மிஞ்சும். அது 17,250 ரூபாய். இதில் 10,000 ரூபாய் வீட்டுச் செலவுக்குச் சென்றால் கடன் தீர்க்க மாதம் 7,250 ரூபாய் கிடைக்கும்.

இத்தொழிலாளி இடைத்தரகருக்காக மாதம் 3 விழுக்காடு வட்டியில் ஒரு லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருந்தால், முதல் மாத வட்டியே 3,000 ரூபாய். கடன் முழுதும் தீரச் சுமார் 18 மாதங்கள் ஆகும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் தமக்கென்று சேமிக்க எஞ்சுவது ஆறு மாதங்களே. அதே வட்டியில் சட்டப்படியான 35,400 ரூபாயை மட்டும் கடனாகப் பெற்றிருந்தால் ஆறாவது மாதத்திலேயே அது தீர்ந்துவிடும். ஊதியமும் உழைப்பும் செலவும் இரண்டிலும் ஒன்றே. புறப்படுமுன் செய்த ஒரு செயலே ஓராண்டுச் சேமிப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

குடும்பமும் பணம் அனுப்புதலும்

குடும்பத்தை உடனழைத்துச் செல்ல எண்ணுவோர் வேறொரு கணக்கைப் போட வேண்டும். அண்டை நாடான சவூதி அரேபியாவில் தனியார் துறை அயல்நாட்டவரைச் சார்ந்து வாழும் ஒவ்வொருவருக்கும் 2017இல் மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய கட்டணம், 2020இல் 400 ரியாலாக உயர்ந்தது. மனைவியும் இரு குழந்தைகளும் உடனிருந்தால் இக்கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 14,400 ரியாலாகும். அந்நாட்டில் மதிப்புக் கூட்டு வரியும் 2020 ஜூலையில் 5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஊதியத்திற்கு வருமான வரி இல்லை என்பதால் வரியே இல்லை என்று கருதலாகாது.

பணம் அனுப்புவதிலும் செலவுண்டு. அனுப்பும் கட்டணத்தோடு, நிறுவனம் தரும் மாற்று விகிதத்தையும் ஒப்பிட வேண்டும். சிறு தொகைகளாகப் பலமுறை அனுப்பினால் ஒவ்வொரு முறையும் கட்டணம் போகும். இச்செலவை 2030ஆம் ஆண்டுக்குள், அனுப்பும் தொகையில் 3 விழுக்காட்டுக்கும் கீழாகக் குறைப்பது ஐக்கிய நாடுகளின் நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் ஒன்றாகும்.

செய்யத்தக்கவை

சென்னை, கொச்சி உள்ளிட்ட இந்திய நகரங்களில் அமைந்துள்ள கத்தார் விசா மையங்களில் மருத்துவப் பரிசோதனையும் ஒப்பந்தக் கையெழுத்தும் புறப்படுமுன்னரே நடைபெறுகின்றன. அடிப்படை ஊதியம் எவ்வளவு, உணவும் உறைவிடமும் எவர் பொறுப்பு என்பவற்றை அறிய அதுவே தக்க தருணம். ஆனால் அதற்குள் கடன் வாங்கப்பட்டிருந்தால் அந்த அறிவு காலங்கடந்ததாகிவிடும்.

ஆதலின் அறிவுரை ஊரிலேயே தொடங்க வேண்டும். முகவரின் பதிவை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் சரிபார்த்துக் கூறுவதும், செலுத்தும் பணத்திற்கு ரசீது பெறுமாறு வற்புறுத்துவதும், மேற்கண்டது போன்ற கணக்கை விண்ணப்பிப்பவருடன் அமர்ந்து போட்டுக் காட்டுவதும் ஊராட்சி அலுவலரும் கூட்டுறவு வங்கியினரும் ஆசிரியரும் செய்யக்கூடிய பணிகளே. அயல்நாட்டு உழைப்பின் பயன் கடன் கொடுத்தவரைச் சேராமல் உழைத்தவரின் இல்லத்தைச் சேர இதுவே வழியாகும்.